பாலன் ஏன் கிரவல் ரோட்டால் போனான்?

சென்ற சனிக்கிழமை. ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடை. நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் ஒரு குரல்.

"அண்ணை, நீங்கள்தானே உந்தப் பேப்பரில கிழமைக்குக் கிழமை எழுதிறனீங்கள்?"

எழுதுகிறவன் காதுக்கு இதைவிட இனிமையான கேள்வி உண்டா? ஓம் என்றேன். முருங்கைக்காயை வைத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றேன்.

"பிரான்ஸில உங்கட சிநேகிதர் சைக்கிள் ஓடுற கிரவல் ரோட்டுகளைப் பற்றி நாலு கிழமை எழுதினீங்கள். பிறகு ஏன் நிப்பாட்டிப் போட்டியள்?"

மனிதர் ஒஷாவாவில் இருந்து சாமான் வாங்க வந்தவர். அந்த நாலு கட்டுரைகளையும் வெட்டி ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறாராம். வருகிற கோடையில் பாரிசில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். அப்படியே நாட்டுப்புறத்தில் இரண்டு நாள் சைக்கிள் ஓட வேண்டும் என்று ஆசை. அதற்கு ஐந்தாவது ரூட் வேண்டும்.

"சிநேகிதரிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன், அண்ணை."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிறகு ஒன்றும் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அவருக்கு நான் சொன்னது பொய். உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது ரூட் கிடையாது. நாலாவது கட்டுரை வந்ததோடு என் சிநேகிதனின் வேலை போயிற்று, படுக்க இருந்த இடமும் போயிற்று. போக்கியவன் நான்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக முதலில் இருந்து வருகிறேன். அவனுக்குப் பாலன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். முன்பு எழுதும்போது அவனுடைய சொந்தப் பெயரையே போட்டிருந்தேன். இப்போதுதான் மாற்றுகிறேன்... எனக்குப் புத்தி எப்போதும் ஒரு பஸ் பிந்தித்தான் வரும்.

எண்பதுகளின் கடைசியில் பாரிசுக்கு வெளியே ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். பாலனும் நானும் ஒரே ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவினோம். நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். அவன் அகதி விசாரணையின் முடிவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றான். இரண்டு வருடம் கழித்து, ஒரு கிராமத்தில் கமக்காரக் கிழவர் ஒருவரிடம் வேலைக்கு வந்துவிட்டதாகக் கடிதம் போட்டான். காட் கிடைத்துவிட்டதா என்று கேட்டு எழுதினேன். வதிவிட அனுமதி அட்டையைப் பாரிசில் நம்மவர்கள் காட் என்றுதான் சொல்வார்கள். "எல்லாம் ஓகே மச்சான்" என்று பதில் வந்தது.

எல்லாம் ஓகே. வெளிநாட்டில் இருக்கிற தமிழன் எழுதுகிற கடிதங்களில் இந்த வரி இல்லாத கடிதம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். நானே எத்தனை தடவை எழுதியிருப்பேன்? அப்படி இருந்தும் நம்பினேன்.

அந்தக் கமக்காரர் அவனுக்குத் தடித்த ரயர் போட்ட பழைய சைக்கிள் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதன் பிறகு வந்த கடிதம் முழுக்கச் சைக்கிள்தான். பாண் சுற்றிவந்த பேப்பரின் பின்புறத்தில் பேனாவால் வரைந்த ரூட் மப் ஒன்றும் கூடவே வரும்.

"மச்சான், கார் ஓடுற ரோட்டை நான் மிதிக்கிறேல்லை. திராட்சைத் தோட்டங்களுக்குள்ளால கிரவல் ரோட்டொண்டு போகுது. வெள்ளைக் கல்லு. விடியக் காலமை குருவிச் சத்தமும் என்ர ரயர்ச் சத்தமும்தான். பதினெட்டுக் கிலோமீற்றருக்கு ஒரு மனிசரைக் காணேலாது."

இன்னொரு கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்:

"இஞ்ச ஒவ்வொரு ஊரிலயும் சவக்காலை வாசலில ஒரு பைப் இருக்கு. கல்லறைப் பூக்கண்டுக்கு ஊத்திற தண்ணி. அதிலதான் என்ர போத்தலை நிரப்புறனான். நல்ல குளிர்."

எனக்குப் பொறாமை. நான் இங்கே காலையும் மாலையும் 401 ஹைவேயில் முன்னால் நிற்கிற காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் அங்கே வாய்க்கால் கரையால் குருவிச் சத்தம் கேட்டுக்கொண்டு போகிறான். கொடுத்துவைத்தவன் என்று நினைத்தேன்.

அது எழுத விஷயம் அகப்படாத ஒரு பங்குனி மாதம். கடிதக் கட்டைத் தூக்கினேன்... எழுதினேன். வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்காமல் இருக்குமா? பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் நோயாளி, விறகு, பிரேதம் எல்லாமே சைக்கிளில்தான் போயின. எங்களில் ஒருவன் மிதிக்க ஆசைப்பட்டு மிதிக்கிறான் என்பதே சனத்துக்குப் புதினம். சவக்காலைத் தண்ணீரை வைத்துப் பகிடியும் விட்டேன். ஒரு கஃபேயில் ஏறி ஒரு கோப்பி குடிக்க மனம் வராத கஞ்சன் என்று பாலனை அச்சில் நக்கல் அடித்தேன். அதை நினைக்கிறபோது இப்போதும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பனி கரைந்ததும் நானும் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். மோர்னிங்சைட்டில் பார்க்குக்குள், ஆற்றோரம் போகிற கிரவல் பாதையில் இரண்டு ஞாயிறு ஓடினேன். மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசன் ஏன் நல்ல ரோட்டை விட்டிட்டுக் கல்லுக்குள்ளால போறார் எண்டு ஒருக்காலும் யோசிச்சனீங்களே?"

"அவன் ரசிகன், உமக்கு விளங்காது" என்றேன். அவள் தேத்தண்ணீர் போடப் போய்விட்டாள்.

நாலாவது கட்டுரைக்கு முன் எங்கள் ஆசிரியர் ரெலிபோன் எடுத்தார். விபரம் போடுங்கோ, சனம் கேட்குது என்றார். போட்டேன். கிராமத்தின் பெயர் போட்டேன். பழைய தண்ணீர் மில்லுக்குப் பக்கத்தில் நீலக் கேற் போட்ட வீடு என்று போட்டேன். கடிதத்தோடு பாலன் அனுப்பியிருந்த, சைக்கிளோடு நிற்கிற படத்தைப் போட்டேன். நம்மவன் ஒருவன் அங்கே தன்னந்தனியே இருக்கிறான் என்று உருக்கமாக ஒரு வரியும் போட்டேன். பாலனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பி அவனைத் திகைக்கவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் பத்திரிகை பிளேனில் பாரிசுக்கும் போகிறது. லா சப்பலில் தமிழ்க் கடைகளில் விற்கிறார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒரு வீட்டுக்குப் போவது வெள்ளைக்காரர் பழக்கம். நமக்கு, அங்கே ஒரு தமிழன் இருக்கிறான் என்ற தகவல் போதும். வெளிக்கிட்டுவிடுவோம். அதுவும் வெறும் கையோடு போவோமா?

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிசில் இருந்து மூன்று வான்களில் பதினேழு பேர் போனார்கள். நாலு சைக்கிள்களை வான் கூரையில் கட்டிக்கொண்டு, றோல்ஸ், கேக், ஒரு பெரிய சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு. வழி பிடிபடவில்லை. பேக்கரியில் பத்திரிகைப் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். தேவாலய வாசலில் பூசை முடிந்து வந்த சனத்திடம் கேட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த ஊரில் பாலனைத் தெரியாதவர்கள் யாரும் மிஞ்சவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், ரெலிபோன் அடித்தது. பாலன்.

"மச்சான், உன்ர எழுத்தை வாசிச்சனான். வந்த ஆக்கள் பேப்பரைத் தந்திட்டுப் போனவை. நல்லா எழுதியிருக்கிறாய்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம்தான். "ஆக்கள் வந்தவையே?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஓம். பதினேழு பேர். றோல்ஸ் கொண்டு வந்தவை. நல்ல சனம்." பிறகு சொன்னான்: "கிழவர் என்னைப் போகச் சொல்லிப் போட்டார் மச்சான். அவரில பிழையில்லை. அழுதுகொண்டுதான் சொன்னவர். காட் இல்லாத ஆளை வீட்டில வைச்சிருக்கிறது ஊருக்கெல்லாம் தெரிஞ்சால் அவருக்கும் கரைச்சல்தானே."

"உனக்குக் காட் இல்லையோ?"

"மூண்டு வருசமா இல்லை. கேஸை ரிஜெக்ட் பண்ணிப் போட்டாங்கள். பெரிய ரோட்டில பொலிஸ் மறிச்சுப் பேப்பர் கேக்கும். கிரவல் ரோட்டில ஆர் வரப்போறான்?"

"எல்லாம் ஓகே எண்டெல்லோ எழுதினாய்?"

"வேற என்னத்தை எழுத? நீ உங்க சந்தோசமா வாசிப்பாய் எண்டுதான் ரோட்டைப் பற்றி எழுதினனான்."

எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன். ரயில் ஸ்ரேசனடியில் என்றான். எங்கே போகப் போகிறாய் என்று கேட்டேன். "சைக்கிள் கிடக்குத்தானே" என்றான். பிறகு ரெலிபோன் கார்ட் முடிந்து லைன் அறுந்துவிட்டது.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. கடிதங்களை எல்லாம் மேசையில் பரப்பி வாசித்தேன். கஃபேக்குள் போனால் ஆட்கள் இருப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள். சவக்காலையில் யார் கேட்கப்போகிறார்கள்? அதுதான் அந்தக் குளிர்ந்த தண்ணீர். பதினெட்டுக் கிலோமீற்றருக்கு மனிதரைக் காணாதது அவனுக்கு அழகு இல்லை, நிம்மதி. எல்லாவற்றையும் அவன் எழுதித்தான் இருக்கிறான். நான் ரூட் மட்டும் பார்த்தேன்.

இப்போது கார்த்திகை. ஆறு மாதம் ஆகிவிட்டது. பழைய அறை நண்பர்களை விசாரித்தேன். அந்தக் கமக்காரருக்கு எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. பொலிஸ் அவனைப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றியிருந்தால்... அதற்கு அப்பால் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. என் சைக்கிள் பல்கனியில் நிற்கிறது. அதைப் பற்றி மனைவி ஒரு சொல் சொல்வதில்லை. சொல்லித் திட்டினால் நன்றாயிருக்கும்.

அந்தப் பதினேழு பேரில் ஒருவர் ஆனி மாதம் நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார். மறக்க முடியாத பயணமாம். உள்ளே ஒரு படம். நீலக் கேற்றுக்கு முன் எல்லோரும் நிற்கிறார்கள். நடுவில் பாலன், கையில் ஒரு றோல்ஸ், சிரிக்கிறான். பின்னால் ஜன்னல் சீலையை விலக்கிப் பார்க்கிற ஒரு கிழவரின் முகம் பாதி தெரிகிறது. அதை அச்சில் போடலாமே என்று ஆசிரியர் கேட்டார். மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒஷாவா அண்ணை, நீங்கள் கேட்ட பதில் இவ்வளவுதான். அந்த ஃபைலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். பாரிசுக்குப் போங்கள், தங்கையைப் பாருங்கள், ஆசைக்குச் சைக்கிளும் ஓடுங்கள்.

அங்கே ஏதாவது ஒரு வெள்ளைக் கிரவல் ரோட்டில், தடித்த ரயர்ச் சைக்கிளில், எங்கட முகமாக ஒருவன் எதிரே வந்தால் மறிக்க வேண்டாம். தமிழோ என்று கேட்க வேண்டாம். பேசாமல் வழி விட்டு விலகிப் போங்கள்.

கண்டதாக எனக்குக்கூட எழுத வேண்டாம்.