வெறும் வயிற்றில் குமிஸ்

நரின் நகரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜிபார்குலுக்குக் கோபத்திலும் உபசரிப்பிலும் ஒரே வேகம். ரத்தத்தில் அமினோ அமிலங்களை அளக்கும் புது இயந்திரத்தைச் சோதிக்கும் பொறுப்பு அவளுக்கு வந்தது. "நாளைக்கு எல்லாரும் வெறும் வயித்தோட வாங்க, உங்க ரத்தந்தான் வேணும்" என்று ஊழியர்களை மிரட்டி வைத்தாள்.

மறுநாள் இயந்திரம் எல்லோருக்கும் அளவைக் கூட்டியே காட்டியது.

"இதை வித்தவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

பல்லைக் கடித்தபடி அதே ரத்தத்தைப் பழைய இயந்திரத்தில் வைத்தாள். அதுவும் அதையே சொன்னது.

சந்தேகம் ஊழியர்கள் பக்கம் திரும்பியது. "எர்மெக், காலையில என்னடா சாப்பிட்ட?"

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடலக்கா. குமிஸ்தான் குடிச்சேன்," என்றான் வண்டியோட்டும் எர்மெக். மற்றவர்களும் தலையாட்டினார்கள். கோடையில் தண்ணீர் போலக் குடிக்கும் அந்தப் புளித்த குதிரைப்பாலை அங்கே யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

"பாலைக் குடிச்சிட்டு வெறும் வயிறாம்! அதுல இருக்கிற புரதந்தான் ரத்தத்துல அமினோ அமிலமா ஏறியிருக்கு. அறிவிருக்கா?"

"நீங்கதானேக்கா வாளியோட வாசல்ல நின்னு, குடிக்காம உள்ள விடமாட்டேன்னு ஊத்துனீங்க?"

ஜிபார்குலின் முகம் சிவந்தது. பிறகு சிரிப்பு பீறிட்டது.

"மெஷின் பாஸ், நாமதான் ஃபெயில். நாளைக்கு மறுபடியும் வாங்க," என்றவள் வாளியை எட்டிப் பார்த்தாள். "மிச்சத்தை இன்னைக்கே குடிச்சித் தீத்துடுங்க."