சாமை தூவி அளந்தவர்

கள்ளக்குறிச்சி ரேடியோ கடையில் அன்று இருந்தது மூன்று பேர்: ரிப்பேர்காரர், மைக்செட் வாடகைக்கு விடும் நான், மகள் கல்யாணத்துக்கு அதைக் கொண்டுபோகக் கல்வராயன் மலையிலிருந்து வந்தவர். இடஒதுக்கீட்டு மறியலில் பஸ் ஓடவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்த என் மைக்செட்டின் பெரிய ஸ்பீக்கர், அந்த ஊஃபர், பாடாவிட்டால் வெளியூர் போய் வேறு வாங்க வழியில்லை.

ரிப்பேர்காரர் காதை நம்பாதவர். புதுக் காகிதக் கோன் ஒட்டிய பழைய ஊஃபர் தெளிவாகத்தான் பாடியது. அவரோ பாடும்போதே அதை மல்லாத்தி, மலைக்காரர் பையிலிருந்த சாமையை அள்ளித் தூவி, துள்ளிய தானியத்தை ஸ்கேல் பிடித்து அளந்தார்.

“ரெண்டு இஞ்ச் எகிறுது பாரு! புதுசுகூட இவ்ளோ எகிறாது.”

“இப்பதான் கர்ருன்னு இழுக்குதுங்களே அண்ணே?” என்றேன். கோனின் நடு ஓட்டைக்கு மூடி ஒட்டாததால் ஊஃபருக்குள் சாமை இறங்கியிருந்தது.

அவர் மலைக்காரரை முறைத்தார். “இன்னா சாமைங்க இது? ஒரே கல்லு!”

கல்யாணம் கரகரப்போடு நடந்தது. அளந்து பார்த்த கூலியாம், நான் ரிப்பேர்காரருக்கு இன்னும் தரவேண்டியது பதினைந்து ரூபாய்.