மைனா ஈன வேண்டிய வாரம்

அந்த நோட்டை முதன்முதலில் என் மேஜைமேல் வைத்தபோது அறை முழுக்க வஞ்சிர மீன் வாசனை அடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாதி எழுதிவிட்டு விட்ட கோடு போட்ட நோட்டு. ஈரம் படாமலிருக்க அதைப் பாலிதீன் பைக்குள் போட்டு, வலை பின்னும் நைலான் நூலால் கட்டியிருந்தார் மீன்கார அக்கா. பட்டினப்பாக்கத்தில் காலையில் மீன் விற்பார். மதியத்துக்கு மேல் தன் பன்னிரண்டு வெள்ளாடுகளை மேய்ப்பார். நான் அப்போது மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் மருத்துவராக இருந்தேன். ஆடுகளுக்குத் தடுப்பூசி போடக் கூட்டிவரும்போதெல்லாம் அந்த நோட்டும் கூடவே வரும்.

ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு பக்கம். மேலே பெயர். கீழே தாய் யார், கடா யாருடையது, பிறந்த நாள், எத்தனை பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருக்கிறது, பூச்சி மருந்து எப்போது கொடுத்தது, எந்த நாளில் கடாவோடு சேர்ந்தது, எந்த வாரத்தில் ஈனும். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, ஆனால் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. நடுநடுவே ‘சினிமா போஸ்டர் தின்னுச்சு, ஒண்ணும் ஆவல’ என்பது போன்ற செய்திகளும் உண்டு. முன்பு ஒரு வருடம் பிறந்த குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நோஞ்சானாகிச் செத்தனவாம். யோசித்துப் பார்த்தபோது, ஒரே கடாவை அதன் சொந்த மகள்களோடும் பேத்திகளோடும் விட்டிருந்தது அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறார். மீனுக்கு ஏன் இப்படி எழுதுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன். “மீனுக்கு அம்மா யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க டாக்டரம்மா” என்றார்.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு பிற்பகல் பெருமழை கொட்டியது. காற்றில் கொட்டகைத் தகரம் பறந்ததும் ஆடுகள் மிரண்டு நாலா பக்கமும் ஓடிவிட்டன. மறுநாளுக்குள் பதினொன்று திரும்பிவிட்டன. மைனா மட்டும் வரவில்லை. செம்பழுப்பு நிறம், வயிற்றில் வெள்ளை, நிறைமாதச் சினை. அக்கா இரண்டு நாள் மீன் கடை போடாமல் சாந்தோம் முழுக்கத் தேடினார். மூன்றாம் நாள் யாரோ வந்து, பக்கத்துக் குப்பத்தில் கீரை விற்கும் அம்மாவின் பட்டியில் மைனா நிற்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அதே நிறம், அதே வெள்ளை, அதுவும் சினை. அது தன் வீட்டிலேயே பிறந்த ஆடு என்று கீரைக்கார அம்மா அடித்துச் சொன்னார். வார்த்தை முற்றி, இரண்டு தெரு ஆட்களும் ஆட்டை நடுவில் விட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

கீரைக்கார அம்மா என்னிடம் திரும்பி, இந்த ஆட்டுக்குப் போன மாதம் நீங்கள்தானே ஊசி போட்டீர்கள், உங்கள் பதிவேட்டைப் பாருங்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். ‘வெள்ளாடு, பெட்டை, 1’ என்று இருந்தது. அதற்கு மேல் ஓர் எழுத்துகூட இல்லை. படித்துப் பட்டம் வாங்கியவள் எழுதிய பதிவு அது. என் காது சூடானது இன்றும் நினைவிருக்கிறது.

எல்லோரும் அக்காவின் நோட்டைப் பார்த்தார்கள். அவர் நூலை அவிழ்த்து மைனாவின் பக்கத்தைப் பிரித்தார். பிறகு குனிந்து, ஆட்டின் கீழுதட்டை விரலால் தள்ளிப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்துவிட்டேன். அவர் மட்டும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவ்வளவு பேரும் நம்பியிருப்பார்கள். நோட்டு வைத்திருந்தது அவர் ஒருவர்தானே.

“மைனாவுக்கு நாலு பல்லுன்னு எழுதிக்கீது. இதுக்கு ரெண்டுதான் கீது” என்றார். “இது என்து இல்ல.”

அவருடைய தெருக்காரர்களுக்கே அது பிடிக்கவில்லை. ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். கீரைக்கார அம்மா அக்காவின் தோளைத் தொட்டு, உன் ஆட்டைத் தேட நானும் வருகிறேன் என்றார்.

தேடுவதற்கு ஒரு வழியையும் நோட்டின் அந்தப் பக்கமே காட்டியது. வரும் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவில் மைனா ஈனும் என்று அதில் இருந்தது. ஆட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, குட்டி போட்ட ஆட்டைத் தேடலாம் என்றார் அக்கா. குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள், கீரைக்கார அம்மாவின் வாடிக்கை வீடுகள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தோம். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. அக்கா தினமும் மருந்தக வாசலில் வந்து நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் போவார்.

வியாழன் காலை என் கைப்பேசி அடித்தது. மாட வீதிப் பக்கத்திலிருந்து ஒரு மாமா. துப்புரவுப் பணியாளர் ஒருவர் என் எண்ணைக் கொடுத்தாராம். “எங்காத்து கார் ஷெட்டுல ஒரு ஆடு வந்து குட்டி போட்டிருக்கு. ரெண்டும் சமத்தா நின்னுண்டிருக்கு. அடுத்து நான் என்ன பண்ணணும்?” என்று கேட்டார்.

நாங்கள் மூன்று பெண்களும் ஒரே ஆட்டோவில் போனோம். கார் வெளியே தெருவில் நின்றது. உள்ளே, பழைய ஜமக்காளத்தின்மேல் மைனா. அக்கா ஓடவில்லை, முதலில் உதட்டைத் தள்ளி நாலு பல்லையும் எண்ணினார். அதற்குப் பிறகுதான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மாமாவும் ஒரு குறிப்பு வைத்திருந்தார். காலண்டரில் கிழித்த தேதித் தாளின் பின்பக்கத்தில், பெரியவன் ஆறு பத்து, சின்னவள் ஆறு முப்பத்தைந்து, இருவருக்கும் ரோகிணி நட்சத்திரம் என்று எழுதியிருந்தார். அக்கா சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, நட்சத்திரம் உட்பட அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு மாமா தயங்கித் தயங்கி, இவற்றைக் கறிக்குக் கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டார்.

“பொட்டைய வச்சிப்பேன் சாமி. கெடாவப் பத்திக் கேக்காதீங்க.”

மாமாவின் முகம் வாடிவிட்டது. அப்போது கீரைக்கார அம்மா அக்காவின் நோட்டைக் கேட்டார். படிக்கத் தெரியாதவர், என்னிடம் கொடுத்து, இந்தக் கடாக்குட்டியின் அப்பன் வழியும் அம்மா வழியும் எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னார். மூன்று தலைமுறைக்கு அவர் பட்டியோடு எந்த உறவும் இல்லை. தன் பெட்டைகளோடு சேர்க்க அவருக்கு ஒரு பொலிகடா தேவைப்பட்டது. பால் குடி மறந்ததும் பெரியவன் அங்கே போவது என்று அந்த கார் ஷெட்டிலேயே முடிவாயிற்று.

அதே வாரத்தில் நான் மருந்தகப் பதிவேட்டில் அளவுகோல் வைத்துப் புதிதாக ஆறு கட்டங்கள் போட்டேன். ஏன் என்று மேலதிகாரி கேட்டதற்கு, ஆடு கொண்டுவருகிறவர்கள் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, காதில் எண் வில்லை போட்ட ஆடுகளைக் கணினித் திரையில் சரிபார்க்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பத்துப் பக்கம் போனேன். அக்காவும் கீரைக்கார அம்மாவும் பட்டி வாசலில் இருந்தார்கள். பெரியவன் இப்போது தாடியும் கொம்புமாகக் கம்பீரமாக நின்றான். அன்று அவனை ஒரு பெட்டையோடு சேர்ப்பதாக இருந்ததாம். அந்த நேரம் பார்த்துத் துணிப்பையில் அகத்திக்கீரையோடு மாமா வந்தார். வேலியின் அந்தப் பக்கமே நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னிக்கு அவனுக்குச் சந்திராஷ்டமம். நாளைக்கு வச்சுக்கோங்கோ” என்றார்.

கீரைக்கார அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் கால்நடை மருத்துவத்தில் அதற்கு என்ன பதில் என்று யோசிப்பதற்குள், அக்கா பேனாவைத் திறந்து நோட்டில் எழுதி முடித்திருந்தார்: ‘கெடாவுக்கு இன்னிக்கு லீவு.’