முத்தாயிக்கு ஒரு பச்சைக் கையெழுத்து

நான் கெஜட்டட் ஆபீசர் ஆன நாளிலிருந்து, டெல்லி சரோஜினி நகரில் என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எனக்குச் சொந்தமில்லை. மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ் என்று யாராவது நகலோடு வந்து நிற்பார்கள். 'உண்மை நகல்' என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவேன். ஒரிஜினலைப் பார்ப்பேனா? உங்களிடம் மறைப்பானேன்... பாதி நேரம் பார்ப்பதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு வந்தவள் ஸ்டெல்லா மோரேல். எங்கள் ஆபீஸ் ஸ்டெனோ. பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பெண். அம்மா போன பிறகு கரோல் பாகில் ஓர் அறையில் தனியாக இருக்கிறாள். ஒரே அண்ணன் ஆஸ்திரேலியாவில். 'நீயும் வந்துவிடு, ஆனால் இங்கே விசா கொடுக்க வெள்ளைக்காரப் பூர்வீகத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள்' என்று அவர் எழுத, இவள் லீவு நாளெல்லாம் ஆவணக் காப்பகத்தில் தூசி தின்றாள்.

கண்டும் பிடித்துவிட்டாள்! கம்பெனி காலத்துச் சர்ச் பதிவேட்டின் பிரதியில் இருக்கிறார் — ழாக் மோரேல், வியாபாரி, ஹ்யூகனாட் அகதி.

அது யார் என்கிறீர்களா? பிரான்ஸ் நாட்டுப் புராட்டஸ்டன்ட்டுகள். ராஜாவின் மதத்துக்கு மாறு என்று உத்தரவு வந்தபோது, முடியாது போ என்று வீடு வாசலை விட்டு ஓடியவர்கள். நம் மோரேல் லண்டனுக்கு ஓடி, அங்கிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்திருக்கிறார்.

ஸ்டெல்லா டைப் அடித்துக் கொண்டுவந்தது இரண்டு தாள். ஒன்றில் மோரேல். மற்றதில் அவருடைய கல்யாணப் பதிவு: மணமகள் அந்த ஊர்த் தமிழ்ப் பெண், முத்தாயி, ஞானஸ்நானப் பெயர் மேரி.

இதற்காவது ஒரிஜினலைப் பார்க்க வேண்டாமா? மறுநாளே அவளோடு காப்பகத்துக்குப் போனேன். "ஜல்தி கீஜியே சாப், லஞ்ச் டைம்" என்று பியூன் அவசரப்படுத்த, வரி வரியாக ஒப்பிட்டேன். எல்லாம் சரி. வெளியே புல்தரையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

"ரெண்டாவது தாளை அனுப்பாதேன்னு அண்ணன் எழுதியிருக்கான் சார். முத்தாயியைப் பார்த்தா விசா கிடைக்காதாம்."

என் மேதாவித்தனம் சும்மா இருக்குமா? "அவர் சொல்றதும் நியாயம்தானேம்மா? கேட்காததை நாமா எதுக்குச் சொல்லணும்?" என்றேன்.

பிடித்துக்கொண்டாள்.

"என்னா சார் பேசறீங்க? பொய்யா தலையாட்ட மாட்டேன்னுதான் அந்தாளு ஊரை விட்டே ஓடினான். அவன் பேரை வெச்சு நான் பொய் சொல்லணுமா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் நான். சேர்த்துக்கிட்டா சேர்த்துக்கட்டும். இல்லேன்னா கரோல் பாக் ரூமே போதும். மொதல்ல அவ தாள்ல போடுங்க!"

போட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி வெட்கப்பட்டுக்கொண்டு நான் கையெழுத்துப் போட்டதில்லை. இரண்டு தாளும் ஒரே கவரில், ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டன. பதில் எப்படி வரும் என்று தெரியாது. அண்ணன் முகத்தை இனிப் பார்ப்பாளோ, அதுவும் தெரியாது. தபாலாபீஸ் படியில் இறங்கும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நடை மட்டும் தளரவில்லை.

நாம் எப்படி? பூர்வீகம் என்று ஆரம்பித்தால் நம் எல்லோர் வீட்டிலும் ஒரு திவானோ தாசில்தாரோதான் வருவார். மற்றவர்கள் எங்கே போனார்கள்? யார் வீட்டில்தான் இரண்டாவது தாளை டைப் அடித்திருக்கிறோம்? எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். என் தாத்தாவின் தம்பி ஜாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டார் என்று மட்டும் காதில் விழுந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் என்ன? ஒருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றைக்கே கும்பகோணத்துச் சித்தப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். நேற்று கார்டு வந்தது: 'அந்தப் பேச்சு இப்போது எதற்கு?'

பச்சைப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன் சித்தப்பா... பெயரைச் சொல்லுங்கள்!