கம்பெனிக்காரி

எங்கள் பெரியம்மாவுக்குத் தெருவில் ‘கம்பெனிக்காரி’ என்றுதான் பெயர். எந்தக் கம்பெனியிலும் அவள் வேலை பார்த்ததில்லை. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சட்டையும் கவுனும் தைத்துக் கொடுத்தவள். ஆனால் அந்த மிஷின் கம்பெனியை யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசிவிட்டால் போதும், வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைப்பாள். ஊசி மேஜைக்கு வந்துவிட்டால் எதிரில் நிற்பவர் தொலைந்தார்.

“உங்க பெரியப்பா போனப்போ எந்த மனுஷன் வந்து நின்னான்? இந்த மிஷின்தான்டி நின்னுச்சு. ஒரு நாள் மக்கர் பண்ணிருக்குமா?” என்பாள். யார் மிஷின் வாங்க நினைத்தாலும் பெரியம்மாவைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வாள். ஷோரூம் மேனேஜரே அவளைக் கண்டால் எழுந்து நாற்காலி போடுவார்.

அந்த முன்னறையை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு குழைந்துவிடும். கல்லூரி விட்டு நேரே அங்கேதான் போவேன். மிஷின் எண்ணெய் வாசனை, காலில் ஒட்டும் துணிப் பிசிறுகள், ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டன் தைக்கும் என் அம்மா. அக்காவும் தங்கையும் மத்தியானம் முழுக்கப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். “இவங்க ரெண்டு பேரும் வாயை மூடினா மழை கொட்டும்” என்று அப்பா கேலி செய்வார். அப்பேர்ப்பட்ட அறை அது!

அம்மாவுக்கும் சொந்தமாகத் தைக்க ஆசை வந்தது. பெரியம்மாதான் கையோடு அழைத்துப் போய், கம்பெனி புதிதாக இறக்கிய மோட்டார் மிஷினை வாங்கிக் கொடுத்தாள். அவள் பேச்சை நம்பித் தெருவில் இன்னும் சில வீடுகளிலும் அதே மிஷின் வந்து இறங்கியது. அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையைத் தைக்க எடுத்துக்கொண்டாள். முதல் சட்டையிலேயே வினை. தையல் விட்டுவிட்டு விழுந்தது. நூல் அறுந்தது. பிரித்துத் தைத்தால் வேறு இடத்தில் அறுந்தது.

அம்மா சட்டையை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினாள். அங்கே துணி கொடுக்க வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“புது மிஷின்ல ஏதோ கோளாறுக்கா” என்றாள் அம்மா.

ஊசிகள் மேஜைக்கு வந்தன. “மிஷின் என்னடி பண்ணும்? உன் கால் ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது, புத்தி எங்கயோ போகுது. உன் கைக்குத் தையல் வராது. ஒத்துக்கிட்டு பேசாம பட்டனைத் தை.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அம்மா சட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மிஷினை மூடினாள். அதன் மேல் மடிக்காத துணிகளைக் குவித்தாள். அதன் பிறகு அக்கா வீட்டுப் பக்கமே போகவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு, “உங்க பெரியம்மாகிட்ட போய்ச் சொல்லு” என்று என்னிடம் சொல்லியனுப்புவாள். நான்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தபால்காரி! ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி, “என் கைக்கு எதுவும் வராதுதான் போல” என்றாள் அம்மா. அதைக் கேட்டதும் எனக்குப் பெரியம்மா மேல் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் பெரியம்மாவும் தன் பழைய மிஷினை ஓரங்கட்டிவிட்டு அதே புது மிஷினை வாங்கினாள். அவளுக்கும் தையல் விட்டது. ஊசியை மாற்றினாள், நூலை மாற்றினாள், எண்ணெய் விட்டாள், விளக்கைக் கிட்டே இழுத்து வைத்தாள். ஊஹூம். தைத்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஷோரூமுக்குப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன்.

மேனேஜர் துணியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “ஊசிக்குக் கீழ ஒரு பார்ட் சரியில்லம்மா. கம்பெனிக்கே தெரியும். கேட்டு வர்றவங்களுக்கு மாத்திக் கொடுக்கறோம். நீங்க எவ்வளவு பழைய கஸ்டமர், உங்களுக்குப் புது மிஷினே தர்றோம். கூட ஒரு சுவர்க் கடிகாரமும் இருக்கு. வெளிய மட்டும் சொல்லிக்காதீங்க.”

“கேட்டு வராதவங்களுக்கு?”

அவர் பேனாவைத் திருகினார்.

“அடப்பாவி, என் தங்கச்சி கைய நான் பழிச்சிருக்கேன்டா!” ஷோரூமே திரும்பிப் பார்த்தது. “கடிகாரத்தை நீயே மாட்டிக்கோ. நான் தைச்ச சட்டை யாருக்காவது பிடிக்கலன்னா நானே அவங்க வாசலுக்குப் போய் வாங்கிட்டு வந்து பிரிச்சுத் தைப்பேன். நீயும் என்கூட வா. என் பேச்சை நம்பினவங்க வீட்டுக்கெல்லாம் வந்து, தப்பு எங்க மேலன்னு உன் வாயால சொல்லு.”

“அப்படியெல்லாம் கம்பெனியில வழக்கமில்லம்மா.”

“வர்ற வரைக்கும் இங்கயே உட்கார்ந்திருக்கேன். உள்ள வர்றவங்ககிட்ட எல்லாம் என் துணியைக் காட்டறேன்.”

உட்கார்ந்தே விட்டாள். மேனேஜர் யார் யாருக்கோ போன் செய்தார், கெஞ்சினார், ஒரு தடவை கத்தவும் செய்தார். கடைசியில் வேனில் புது மிஷின்களை ஏற்றச் சொன்னார். அந்த மனிதரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, எனக்கு அவர் மேல் இன்றுவரை மரியாதை உண்டு.

முதலில் எங்கள் வீடு. அம்மா கதவைத் திறந்தாள். மிஷினை இரு கையிலும் தாங்கியபடி, வேர்த்து விறுவிறுத்து, “உங்க மேல தப்பே இல்லம்மா. நாங்க வித்த மிஷின்தான் சரியில்ல. தெரிஞ்சும் வந்து சொல்லாம விட்டோம், மன்னிச்சிருங்க” என்றார் மேனேஜர்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. “சார் சொல்லிட்டாரு. என் கைய பழிச்சது சாரா?”

பெரியம்மா முந்தானையை முறுக்கினாள்.

“நான்தான்டி. எவனோ செஞ்ச மிஷினை நம்பினேன், கூடப் பொறந்தவள நம்பல. மன்னிச்சுக்கோடி.”

“வாசல்ல நின்னு அழாத, உள்ள வா” என்று அம்மா அதட்டினாள். அவளும்தான் அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா, இதை எங்கயாவது வெச்சுடட்டுமா?” என்றார் மேனேஜர் பரிதாபமாக.

துணிக் குவியலை நான் அள்ளி எடுத்தேன். அவர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அம்மா உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியில் நேராக ஒரு தையல் ஓட்டினாள். ஒரு இடத்திலும் விடவில்லை. துணியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, என் கை நல்லாத்தான் இருக்கு” என்றாள்.