கூடையில் வந்தவள்

மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. சீமையில் பின்னிய கூடை. தட்டு வைக்க ஒரு தடுப்பு, கரண்டி செருகத் தோல் பட்டை, கோப்பைக்குத் தனிக் குழி என்று பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள். என் மகனும் மருமகளும் ரயிலேறிக் கடுகண்ணாவைக்குப் போய், மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு வரலாம் என்று கிளம்புகிறார்கள். "சும்மாதானே கெடக்கு அத்தை, அதுல சோறு கட்டிக்கிட்டுப் போறோமே" என்று நேற்று மருமகள் கேட்டாள். கேட்டதில் தப்பே இல்லை. நான்தான், அந்தக் கூடையில் சோறா என்று கத்திவிட்டேன். பாவம், முகம் செத்துப்போய் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

ரயில் கண்டிக்கு வராத காலம் அது. மலையெல்லாம் கோப்பி, தேயிலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. நான் கண்டியை ஒட்டிய மஹய்யாவயில் குடியிருந்துகொண்டு, துரைமார் வந்து தங்கும் வாடிவீடு ஒன்றில் ஆயாவாக இருந்தேன். பாதிரியார் வீட்டு அம்மா ஒருவர் புண்ணியத்தில் எழுத்தும் கொஞ்சம் இங்கிலீசும் படித்திருந்ததால், ஊர் பார்க்க வரும் துரைசானிமாருக்கு என்னைத்தான் துணைக்கு அனுப்புவார்கள். அப்படி வந்தவர்கள்தான் அந்தத் துரையும் துரைசானியும். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறி, தேசம் தேசமாகப் பார்த்துக்கொண்டு வந்த ஜோடி.

துரைசானியை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மற்ற துரைசானிமார் எங்கள் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். இவரோ சமையல்காரக் கோக்கி சுட்ட அப்பத்தைக் கையால் பிய்த்து, சம்பலில் தோய்த்துத் தின்றுவிட்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய இன்னொன்று கேட்டார். துரைக்கு அவித்த உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. தலதா மாளிகைக்குப் போனோம், வாவியைச் சுற்றினோம், பேராதனைத் தோட்டத்து மூங்கிலைத் துரைசானி கட்டிப்பிடித்துப் பார்த்தார். தெல்தோட்டையில் கோப்பி பூத்திருந்த மலையை விட்டு இறங்க அவருக்கு மனசே வரவில்லை. சின்ன வயசில் இதே மலையில் பழம் பறித்தவள் நான் என்று சொன்னேன். உடனே என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்பில் சுட்டுக்கொண்ட விரல் கண்ணில் பட்டதும், தன் பெட்டியிலிருந்து களிம்பை எடுத்துத் தானே தடவிவிட்டார். எந்தத் துரைசானியும் அதுவரை என் கையைத் தொட்டதில்லை.

அதன் பிறகு தம்புள்ளைக் குகைக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். மாத்தளையைத் தாண்டி வடக்கே போக வேண்டும் என்றதும் எனக்குப் போக மனசில்லை. தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, கங்காணியின் பின்னால் காட்டு வழியே நாங்கள் கூட்டமாக நடந்து வந்த பாதை அது. பாதி வழியில் எங்கள் ஆத்தாவுக்கு வாந்திபேதி கண்டது. நின்றால் எல்லோருக்கும் தொற்றும் என்றான் கங்காணி. ஒரு மரத்தடியில் அவளைச் சாய்த்து, தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டுக் கிளம்பச் சொன்னான். மாடு முட்டியதில் ஆத்தாவுக்கு முன்பல் இரண்டும் ஊரிலேயே போயிருந்தன. அந்த ஓட்டை வாயால் சிரித்து, "நீ முன்னால நட தாயி, நான் பின்னாடியே வாரேன்" என்றாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவள் வரவில்லை.

குகைக் கோயிலைப் பார்த்துத் திரும்பும்போது பாதையோரத்துப் பாலை மரம் ஒன்றின் கீழ் வண்டியை நிறுத்தி, இந்தக் கூடையைத் திறந்தார்கள். துணி விரித்து, ரொட்டிப் பாணும் பொரித்த கோழியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்தேன். நான் மரங்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார் துரைசானி. அரைகுறை இங்கிலீசில் ஆத்தா கதையைச் சொன்னேன். எந்த மரம் என்று நினைவில்லை அம்மா, எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்றேன். கோழியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்காக உயிரைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

சாப்பிட்டபின் துரை கைத்தடியோடு காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தார். நான் ஓடையில் தட்டுக் கழுவித் திரும்பியபோது கூடை கட்டி ஏற்றியாகிவிட்டது. கழுவிய தட்டுகளை மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் வண்டிக்காரர் ஒரு முஸ்லிம் மனுஷர். அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவேன். வழியெல்லாம் பாட்டுப் படிக்கிறவர் அன்று வாயைத் திறக்கவில்லை. மறுநாள் கண்டி வந்து இறங்கும்போது மட்டும் என் பக்கம் குனிந்து, "அந்தக் கூடைய நீங்க தொறக்காதீங்க புள்ள" என்றார்.

கூடையைத் திறந்து கழுவுவது என் வேலை. திறந்தேன். நாங்கள் விரித்துச் சாப்பிட்ட அதே துணியில், கோப்பைக் குழிகளுக்கு நடுவில், ஒரு மனித மண்டை ஓட்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். காய்ந்து வெளுத்த மண்டை. துணியில் கோழியின் எண்ணெய்க் கறைகூடப் போகவில்லை.

இருவரும் விறாந்தையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். துணியோடு ஏந்திக்கொண்டு போய் முன்னால் நின்றேன். துரைசானி திடுக்கிடுவார், துரையைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பதறத்தான் செய்தார், கீழே போட்டுவிடாதே, உடைந்துவிடும் என்று. ஊரில் துரையின் சிநேகிதர் ஒருவர் பல தேசத்துத் தலைகளை வாங்கி அளந்து பார்க்கிறவராம். கூலியின் தலை ஒன்றுதான் அவரிடம் இல்லையாம். என் முகத்தைப் பார்த்துத் துரைசானி அன்பாகவே சொன்னார்: "பயப்படாதே ஆயா, அது யாருடையதும் இல்லை."

அவர் களிம்பு தடவிய விரல் இன்னும் முழுசாக ஆறவில்லை. முந்தின நாள் மரத்தடியில் என் கதைக்கு அழுதவரும் இவர்தானா என்று என்னால் நம்பவே முடியவில்லை. மகாராட்சசி யாராவது செய்திருந்தால் ஏசிவிட்டுப் போயிருப்பேன். இவர் நல்லவர். நல்லவர் வாயிலிருந்துதான் அது வந்தது.

"இது எங்க ஆத்தா" என்றேன்.

துரை சிரித்தார். அது எப்படி உனக்குத் தெரியும் என்றார். "உங்க அம்மாவ உங்களுக்குத் தெரியாதா துரை?" என்று கேட்டேன். அப்படியெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் நான் எந்தத் துரையிடமும் பேசியதில்லை. துரைசானி என் முகத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். இந்தச் சனியனைக் கூடையோடு எடுத்துக்கொண்டு போ என்று துரை கையை வீசினார். மறுநாள் அவர்கள் கிளம்பும்போது துரைசானி என் பக்கம் திரும்பவில்லை.

மஹய்யாவ மயானத்து ஓரத்தில் நானாதான் குழி வெட்டினார். என் புதுச் சேலை ஒன்றைச் சுற்றி இறக்கினேன். மண்ணைத் தள்ளும் முன் நானா தயங்கி, "உங்கட உம்மாவேதானா புள்ள?" என்று கேட்டார்.

"இல்ல நானா. பாருங்க, பல்லு அத்தனையும் முழுசா இருக்கு."

அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு, கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டார்.

ஒவ்வொரு வருஷமும் ஆத்தாவுக்குப் படைக்கிற அன்று அந்த இடத்திலும் ஓர் இலை போடுகிறேன். ஆணோ பெண்ணோ, யார் பெற்ற பிள்ளையோ, எனக்குத் தெரியாது. மருமகளே, நீ சோறு கட்ட வேறு நல்ல கூடை வாங்கிக்கொள். கத்தியதை மனசில் வைக்காதே. எங்கள் ஆத்தாவும் அந்தப் பாதையில்தான் கிடந்தாள். அந்தப் பக்கம் ஊர் பார்க்க வந்து, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ. முன்பல் இரண்டும் இல்லாத தலை ஒன்று சீமையில் யார் வீட்டு அலுமாரியிலாவது இருந்தால், அதைப் பார்த்து எங்க ஆத்தா என்று ஒரு பொய் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?