குள்ளச்சிக்கு முப்பது அங்குலக் குழல்

போன வேட்டைப் பருவத்தில் நான் சுட்ட தாரா வாத்து ஒன்று சாகவில்லை. சிறகு முறிந்து நாணலுக்குள் விழுந்தது. மத்தியானம் வரை இடுப்பளவு தண்ணீரில் தேடினோம், கிடைக்கவில்லை. வீட்டுக்கு, டண்டினொங்குக்குக் கார் ஓட்டிவரும்போதே முடிவெடுத்துவிட்டேன்: இன்னொரு பறவையைக் காயத்தோடு தவறவிட்டால் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அத்தோடு சரி.

அன்று என் கையில் இருந்தது இரவல் துவக்கு. குளிர்க்களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் மலேசியத் தோழியுடையது. இருபத்தாறு அங்குலக் குழல். இந்த வருடம் சொந்தமாக ஒன்று வாங்க அனுமதி எடுத்தேன்.

“வெள்ளிக்கிழமை த பேசின் கோயில் பிள்ளையாரிட்டப் போறீர், சனிக்கிழமை துவக்கோட போறீர். அவர் என்ன நினைப்பார்?” என்றார் கணவர்.

“கறி வச்சால் ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிடுறது ஆரெண்டு நினைப்பார்.”

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

குழல் நீண்டால் குண்டுச் சன்னம் தூரம் போகும் என்று கடையில் நின்ற ஒருவர் அடித்துச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு அங்குலம் கூடினால் பறவைக்கு ஒன்றும் இல்லை. தாங்குகிற தோளுக்குத்தான் அது தெரியும். அதனால் தோளையே கேட்போம் என்று களிமண் தட்டை எறிந்து சுட்டுப் பழகுகிற மைதானத்துக்குத் தோழியும் நானும் போனோம். சதுப்பில் போடும் அதே தடித்த ஜாக்கெட்டோடு. மெல்லிய சட்டையில் பொருந்துகிற துவக்கு, குளிருடுப்பில் கக்கத்தில் சிக்கும்.

முதலில் இருபத்தாறு. சட்டென்று எழுந்தது, குருவி போல. தட்டு பறந்தது, சுட்டேன், தட்டு தன்பாட்டுக்குப் போய்ப் புல்லில் இறங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததன் வாலோரம் ஒரு சில்லு மட்டும் தெறித்தது.

பின்னால் நின்ற தோழி சொன்னாள்: “அக்கா, வெடிக்கிற நேரம் பாத்து நீங்க நிக்கிறீங்க லா. நீங்க நின்னா துப்பாக்கியும் நிக்குது. தட்டு நிக்குமா?”

நான் நிற்கிறேனா? நிற்கிறேன். வெடிச்சத்தம் கேட்டால் அசையக்கூடாது என்று ஊரில் சண்டைக்காலம் என் உடம்புக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. தலைவாரிக்கொண்டிருந்தால் சீப்போடு, தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தால் வாளியோடு, அப்படியே. இங்கே வெடிக்க வைப்பவளே நான்தான். அந்தச் செய்தி தோளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நாணலுக்குள் விழுந்த தாரா சாகாமல் சிறகு மட்டும் முறிந்ததும் நான் நின்ற அந்த ஒரு கணத்தால்தான்.

இருபத்தெட்டை மைதானக் கிளப்பில் ஒருவரிடம் இரவல் வாங்கிச் சுட்டேன். பரவாயில்லை. பாதி தட்டு உடைந்தது.

பிறகு முப்பது, அதுவும் இரவல். தூக்கவே முனை பாரித்தது. எழும்ப நேரம் எடுத்தது. ஆனால் ஓடத் தொடங்கினால் ஓடியது, இறக்கத்தில் உருளும் வண்டி மாதிரி. வெடித்தது, நான் உறைந்தேன், குழல் உறையவில்லை. தன் பாரத்தில் என் கையை இழுத்துக்கொண்டு தட்டுக்கு முன்னால் போயிற்று. தட்டு தூள்.

“அய்யோ அக்கா! துப்பாக்கி உங்களத் தூக்கிட்டுப் போகுது!”

“போகட்டும். நான் இதோட வாறன்.”

“நீங்க குள்ளம் லா. நாணல்ல மாட்டும். கை வலிக்கும்.”

“வலிக்கட்டும்.”

குள்ளமானவளுக்குக் குட்டைக் குழல் என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு. நான் முப்பதை வாங்கினேன். ஒரு மாதம் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால், வெறுந்துவக்கைத் தூக்கி இறக்கித் தோளைப் பழக்கினேன்.

பருவம் திறந்த காலை, சாம்பல் வானம், முழங்கால் சேறு. முதல் கூட்டம் உயரத்தில் போனது. “சுடுங்க, சுடுங்க,” என்றாள் தோழி. தூரம், சுடாமல் விட்டேன். நீளக் குழல் கையில் இருந்தாலும் தூரம் தூரம்தான். இரண்டாவது கூட்டமும் அப்படியே. அவள் பெருமூச்சு விட்டாள்.

பிறகு கறுத்த தாரா ஒன்று தனியாக, தாழ்வாக, இடமிருந்து வலம். முப்பது தப்படி தூரம் இருக்கும். துவக்கு மெதுவாக எழுந்தது, பறவையைத் தொட்டது, தாண்டியது. வெடி. குழல் ஓடிக்கொண்டே இருந்தது.

தாரா மடிந்து திறந்த தண்ணீரில் விழுந்தது. நான் ஓடவில்லை, சேறு ஓட விடாது. ஒவ்வொரு அடியாகப் போய்க் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். அசைவில்லை. சூடாக இருந்தது. சிறகை விரித்து, நிறம் பார்த்து, மறுபடி மூடிவிட்டு, அடுத்த தோட்டாவைப் போட்டேன்.